ஊன்பசையும் கடற்பாசியும்

ஆண்டுதோறும் மகாவீரர் ஜெயந்தி நெருங்கும் நாள்களில் சென்னை மாநகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியாவது வழக்கம். புளியந்தோப்பு, வில்லிவாக்கம், சைதாப்பேட்டை முதலிய இடங்களிலுள்ள இறைச்சிக்கூடங்கள் அன்று மூடப்பட்டிருக்கும் என்பதும், இறைச்சி விற்பனைக்கும் அன்று விடுமுறை என்பதும் அதன் செய்தி. வடசென்னை மக்கள் ‘ஆட்டுத்தொட்டி’ என்று வழங்கும் புளியந்தோப்புக் கூடத்தின் வாயில் அந்த ஒரு நாள் அடைபட்டிருக்கும். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமயத்திற்கு ஒரு பெருநகரம் செய்யும் மரியாதை அது.

அன்று நிற்பது ஊன் செல்லும் வழி. தோலும் எலும்பும் செல்லும் வழி அதனினும் நீண்டது. தோல், பெரியமேடு போன்ற வணிக இடங்களைக் கடந்து பதனிடும் ஆலைகளைச் சேர்கிறது. மாட்டெலும்பு அரைபட்டு, அமிலத்தில் ஊறி, சுண்ணாம்பு நீரில் கிடந்து, கொதித்து, வடிந்து, உலர்ந்து, மணமும் நிறமும் அற்ற மெல்லிய துகளாக மாறுகிறது. ஜெலட்டின் எனப்படும் ஊன்பசை இதுவே. மிட்டாயாகவும், மாத்திரைக் கூடாகவும், குளிர்ந்த இனிப்பாகவும் அது மீண்டும் நகரத்திற்குத் திரும்பி வருகிறது. ஊன் உண்ணாத குடும்பத்தின் வாயிலையும் அது அறியாமல் கடந்துவிடக்கூடும்.

அந்த ஊன்பசையின் இடத்தை நிரப்ப வந்த பொருள்களுள் மூத்தது கடல் தந்த ஒரு பாசிக்கூழ். அகர் என்றும், அகர் அகர் என்றும், கடைவழக்கில் கடல்பாசி, சைனா கிராஸ் என்றும் பெயர்பெற்ற அப்பொருளின் வரலாறு ஜப்பானிய மலைக்குளிரில் தொடங்கி, ஜெர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்றைக் கடந்து, மன்னார் வளைகுடாவின் தமிழ்ப் பெண்களிடம் வந்து சேர்கிறது.

பழைய வழக்கு, புதிய பொருள்

‘ஊன்பசைக்காக எந்த விலங்கும் கொல்லப்படுவதில்லை, இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதன் எச்சமே அதற்குப் பயன்படுகிறது’ என்று சொல்லப்படுவதுண்டு. இவ்வாதம் தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டளவில் தோன்றியதாகக் கருதப்படும் நீலகேசி, பௌத்தரோடு நிகழ்த்தும் சொற்போரில் ஊனுண்ணும் வழக்கை எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. தன் கையால் கொல்லாதவன், கொன்றதன் பயனை ஏற்கலாமா என்பதே அங்கு எழும் வினா. சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு இக்காப்பியத்தை 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்து வெளியிட்டார். உண்போரும் விற்போரும் ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்பதைத் திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலான்மறுத்தலும் சுட்டுகிறது.

நீலகேசியின் காலத்தில் ஊன், ஊனாகவே கண்ணுக்குப் புலப்பட்டது. தொழிற்புரட்சிக்குப் பின் அது உருமாறியது. 1834இல் பாரிஸ் நகரில் ஊன்பசையால் ஆன மருந்துக்கூடு உரிமக் காப்பைப் பெற்றது. 1871இல் ரிச்சர்ட் லீச் மாடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வெள்ளி உப்புகளை ஊன்பசையில் கலந்து கண்ணாடித் தகட்டின்மேல் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அதன் வழியே வளர்ந்த ஒளிப்படச் சுருளும் திரைப்படச் சுருளும் நூறாண்டுக்கும் மேலாக ஊன்பசைப் பூச்சையே நம்பியிருந்தன. கோடம்பாக்கத்தில் எடுக்கப்பட்டுச் சுருளில் பதிந்த பக்திப்படங்களும் அப்பூச்சின்மீது பதிந்தவையே. உண்ணும் பொருளில் மட்டும் ஊனை விலக்கினால் போதும் என்று இருந்த எல்லை, இவ்வாறு ஓசையின்றி மங்கியது.

குளிர்வானம்

ஜப்பானியர் நெடுங்காலமாகவே செந்நிறக் கடற்பாசியை நீரில் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவைத்து, உறைந்த கூழை உண்டு வந்தனர். அதற்குத் தொகொரொத்தென் என்று பெயர். அது ஓரிரு நாளில் கெட்டுவிடும். கடற்கரையைவிட்டுத் தொலைவு எடுத்துச் செல்ல இயலாது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 1658இல், கியோத்தோ நகரையடுத்த புஷிமியில் விடுதி நடத்திய மினோ தரோஸாயெமோன் என்பவர், விருந்தில் மிஞ்சிய கூழை வெளியே வைத்துவிட்டார் என்றும், இரவுப் பனியில் அது உறைந்து, பகல் வெயிலில் உருகி, சில நாள்களில் காய்ந்த வெண்சருகாயிற்று என்றும் வழிவழிக் கதை சொல்கிறது. அந்தச் சருகை மீண்டும் நீரில் கொதிக்கவைத்தபோது முன்னிலும் தெளிந்த கூழ் கிடைத்தது. கடல் நெடியும் குறைந்திருந்தது.

கதையின் நுட்பங்கள் எவ்வாறாயினும் அதனுள் பொதிந்த முறை உண்மையானது. கூழ் உறையும்போது நீர் பனிக்கட்டியாகத் தனியே பிரிகிறது. பனிக்கட்டி உருகி ஓடும்போது நீரில் கரைந்த உப்பையும் நிறப்பொருளையும் உடன் கொண்டு செல்கிறது. எஞ்சுவது தூய்மை பெற்ற பாசிப்பசை. நெருப்போ இயந்திரமோ இன்றிக் குளிரும் வெயிலும் மாறிமாறிச் செய்யும் சுத்திகரிப்பு இது.

அப்பொருளுக்குக் ‘கன்தென்’ என்று பெயரிட்டவர் சீனாவிலிருந்து 1654இல் ஜப்பானுக்கு வந்த இன்கென் என்னும் பௌத்தத் துறவி என்பது மரபு. உஜியிலுள்ள மன்புகுஜி மடத்தை 1661இல் நிறுவியவர் அவர். குளிர்வானம் என்பது அப்பெயரின் பொருள். ஊன் நீக்கிய மடத்து உணவிற்கு இது ஏற்றது என்று அவர் போற்றியதாகச் சொல்லப்படுகிறது. ஊன்பசைக்கு மாற்று தேடிய முதல் இடம் ஒரு துறவியின் அடுக்களையாக அமைந்தது குறிப்பிடத்தக்கது.

தமிழ்க் கடலின் பாசி

அகர் அகர் என்பது மலாய்ச் சொல். சாவகம், மலாயா முதலிய கீழைத் தீவுகளில் இப்பாசிக்கூழ் இனிப்புப் பண்டமாகப் பழகியிருந்தது. தமிழில் அகில் என்றும் அகர் என்றும் வழங்கும் நறுமண மரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலியொற்றுமை மட்டுமே உண்டு. மசாலைப் பொருளான கல்பாசியும் வேறு. அது பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் நிலத்துப் பொருள். சைனா கிராஸ் என்ற பெயரில் ‘புல்’ இருப்பினும் இதில் புல் ஏதுமில்லை.

இந்தியப் பெருங்கடலின் இக்கரையிலும் பாசிக்கூழ் அறியப்படாததாக இருக்கவில்லை. இலங்கையின் கற்பிட்டி, திருகோணமலை, யாழ்ப்பாணக் கடற்பகுதிகளில் கிடைத்த ஒருவகைச் செம்பாசி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருந்து நூல்களில் ‘சிலோன் பாசி’ என்னும் பெயரில் இடம்பெற்றது. கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஓஷானசி 1830களில் அதனை ஆராய்ந்து, நோயாளிக்கு ஏற்ற எளிய உணவாகப் பரிந்துரைத்தார். அதே இனத்தின் உறவான கஞ்சிப்பாசி, பாக் நீரிணைப்புக்கு இப்பாலுள்ள இராமநாதபுரக் கரையிலும் வளர்கிறது. காய்ச்சிக் கஞ்சியாக்கும் பாசி என்பதைப் பெயரே உரைக்கிறது.

அடுக்களையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

பாசிக்கூழை உலக வரலாற்றில் இடம்பெறச் செய்தது ஓர் இல்லத்தரசியின் பட்டறிவு. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸே, பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். நுண்ணுயிர்களைத் தனித்தனியே வளர்த்துக் காண ஒரு திடமான தளம் வேண்டியிருந்தது. அதற்கு ஊன்பசையையே பயன்படுத்தினர். அதில் இரண்டு குறைகள் இருந்தன. மனித உடலின் வெப்பமான 37 பாகை செல்சியஸில் ஊன்பசை உருகிவிடும். நோய்க்கிருமிகள் பலவும் அந்த வெப்பத்தில்தான் நன்கு வளரும். மேலும், ஊன்பசை புரதமாதலால் நுண்ணுயிர்கள் சில அதனையே செரித்து நீராக்கிவிடும். கோடைக்காலத்தில் ஆய்வு முழுவதும் வீணாயிற்று.

அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வுக்குத் துணைநின்று, நுண்ணோக்கியில் கண்டவற்றை வண்ணப்படமாக வரைந்தளித்தவர். கோடையிலும் தம் வீட்டுப் பழக்கூழ்கள் உருகாமல் நிற்பதன் காரணம் அகர் அகர் என்று அவர் கணவரிடம் கூறினார். சாவகத்தில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தினரிடமிருந்து தம் இளமையில் அறிந்த சமையல் முறை அது.

அகர் 37 பாகையில் உருகவில்லை. நுண்ணுயிர்கள் பெரும்பாலானவற்றால் அதனைச் செரிக்கவும் இயலவில்லை. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததைப் பற்றி 1882இல் காக் வெளியிட்ட கட்டுரையில் அகரைக் குறித்த ஒரு சிறு குறிப்பு மட்டும் உண்டு. அதனைக் கூறியவரின் பெயர் இல்லை. 1887இல் ஜூலியஸ் பெட்ரி அமைத்த மூடியுடைய கண்ணாடித் தட்டும் அகரும் ஒன்றுசேர்ந்தபின், நோய்க்கிருமியை அறியும் கலை உலகெங்கும் பரவியது. இன்றும் மருத்துவமனைகளில் சிறுநீர், சளி முதலியவற்றைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பும்போது, அவை இடப்படும் தட்டில் இருப்பது பெரும்பாலும் கடற்பாசிக் கூழே. ஃபேனி ஹெஸ்ஸே இதனால் பொருளோ பட்டமோ பெறவில்லை. 1934இல் அவர் மறைந்தார்.

உறையும் விதம்

ஊன்பசைக்கும் பாசிப்பசைக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் வேதியியற் கட்டமைப்பில் இருக்கிறது. ஊன்பசை, விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் சிதைவு. அகரோ சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நெடுஞ்சங்கிலி. கேலக்டோஸ் என்னும் சர்க்கரையும் அதன் நீர்நீங்கிய வடிவம் ஒன்றும் மாறிமாறி அமைந்த அச்சங்கிலிக்கு அகரோஸ் என்று பெயர். அகரில் பெரும்பகுதி அதுவே. எஞ்சியது அகரோபெக்டின், அதில் கந்தகம் சார்ந்த சல்பேட்டு கலந்திருப்பதால் அதற்கு உறையும் ஆற்றல் குறைவு.

கொதிநீரில் இச்சங்கிலிகள் தனித்தனியே அவிழ்ந்து மிதக்கின்றன. நீர் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அம்முறுக்குகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. அவ்வலையின் கண்களில் நீர் சிறைப்படுகிறது. நூறு பங்கு நீருக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு அகர் போதும். முழுவதும் கெட்டியாக நிற்கும்.

அகருக்கே உரிய சிறப்பு ஒன்றுண்டு. கரைவதற்குக் கொதிநிலையை ஒட்டிய வெப்பம் வேண்டும். உறைவதோ 32 முதல் 43 பாகைக்குள். உறைந்தபின் மீண்டும் உருக, ஏறத்தாழ 85 பாகை தேவை. உறையும் வெப்பத்திற்கும் உருகும் வெப்பத்திற்கும் இத்தனை இடைவெளி இருப்பது அரிது. சித்திரை வெயிலில் சென்னையின் வெப்பம் 40 பாகையைத் தொடும் நாளில், குளிர்பெட்டிக்கு வெளியே ஊன்பசைப் பண்டம் நெகிழ்ந்து ஒழுகும். பாசிக்கூழ் வெட்டிய துண்டாகவே இருக்கும்.

அன்னாசி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. பச்சையாக அவற்றைச் சேர்த்தால் ஊன்பசை உறையாது, அகர் உறையும். எலுமிச்சை முதலிய புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் அகரின் சங்கிலி அறுபட்டுக் கூழ் தளரும்; எனவே புளிப்பை இறக்கிய பின் சேர்ப்பதே முறை. மனிதக் குடலில் அகர் பெரும்பாலும் செரிப்பதில்லை; நார்ச்சத்தாகவே வெளியேறுகிறது. மலச்சிக்கலுக்கு மருந்தாக வழங்கப்பட்டதும் இதனாலேயே.

இப்பண்புகளால் அதன் பயன் பலவாக விரிந்தது. பல்லின் அச்செடுக்கவும், மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காணவும், நோயற்ற வாழைக்கன்றுகளைத் திசுவளர்ப்பில் பெருக்கவும் அகரோ அகரோஸோ பயன்படுகிறது. தமிழகத்து வாழைத் தோட்டங்களில் இன்று நடப்படும் திசுவளர்ப்புக் கன்றுகளின் தொடக்க வாழ்வு கண்ணாடிப் புட்டிக்குள் கூழின்மேல் கழிகிறது.

போர் திறந்த கதவு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை உலகிற்கு வேண்டிய அகரில் பெரும்பங்கை ஜப்பானே அளித்து வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அவ்வழி அடைபட்டது. கிருமிச் சோதனைக்கும் தடுப்பூசி ஆய்வுக்கும் இன்றியமையாத பொருள் என்பதால் பல நாடுகளும் தத்தம் கடற்கரையைத் தேடத் தொடங்கின. இந்தியாவிலும் 1943 முதல் உள்நாட்டுப் பாசியிலிருந்து அகர் எடுப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

தேடுவதற்கான நிலவரைபடம் போருக்கு முன்பே ஓரளவு ஆயத்தமாகியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் மா. ஓ. பா. ஐயங்கார், பாம்பனையடுத்த குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி 1927இல் எழுதியிருந்தார். 1947இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல்மீன் ஆய்வு நிலையம் 1949இல் மண்டபத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்கே முனைவர் பிரான்செஸ்கா திவி முதலியோர் இந்தியப் பாசிகளின் கூழ்த்தன்மையை ஒப்பிட்டு ஆராய்ந்து, குடிசைத் தொழிலாகவே அகர் காய்ச்சும் முறைகளை வகுத்தனர்.

மண்டபத்தில் ஜப்பானின் குளிர்வானம் இல்லை. அக்குறையைப் பனிக்கட்டி ஆலையின் குளிர் அறை ஈடுசெய்தது. பாசியை நன்னீரில் ஊறவைத்து, வெயிலில் வெளுக்கவைத்து, இடித்து, கொதிக்கவைத்து, வடித்து, உறைந்ததைப் பட்டையாக அரிந்து, பனியில் உறையவைத்து உருக்கி, மீண்டும் வெயிலில் உலர்த்துவது அம்முறையின் சாரம். புஷிமி விடுதிக்காரரின் கதையில் இயற்கை செய்ததை இங்கே மனிதன் செய்தான்.

மன்னார் வளைகுடாவின் இரண்டு பாசிகள் இதற்கு உதவின. பவளக் கற்களைப் பற்றி வளரும் மரிக்கொழுந்துப் பாசி, உறுதியான கூழைத் தரும். ஆய்வுக்கூடத் தரத்திற்கு ஏற்றது. கஞ்சிப்பாசியின் கூழ் மெலிந்தது. காரநீரில் பக்குவப்படுத்தினால் அதன் சல்பேட்டு நீங்கி உறுதி கூடும். பெரும்பாலும் உணவுத்தர அகர் அதிலிருந்து வருகிறது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து இராமநாதபுரக் கரையில் பாசி சேகரிப்பு வணிகத் தொழிலாயிற்று. மதுரையைச் சுற்றி அகர் ஆலைகள் தோன்றின.

வடசென்னைக் கரைக்கும் பாசி உண்டு. காசிமேட்டிலும் எண்ணூரிலும் அலைதடுப்புக் கற்களின்மேல் படிவது பெரும்பாலும் பச்சைப்பாசி. அதில் அகர் இல்லை. ஆயினும் பொருளாக வந்துசேரும் பாசி அங்கே பழகியதுதான். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கெனப் புளியந்தோப்பு, பெரம்பூர் பகுதிகளின் இசுலாமிய இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி காய்ச்சப்படுகிறது. தம் மார்க்கத்திற்கு ஒவ்வாத ஊன்பசையை விலக்க அவர்களும் பொட்டலத்தைப் படித்துப் பார்க்கின்றனர். வேறு வேறு நெறியினரான இரு சாராரும் ஒரே கடைப்பொருளில் வந்து சந்திக்கின்றனர்.

பாசிக்குப் பின்னால் உள்ள கைகள்

பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதலாக இராமநாதபுரக் கரையோரச் சிற்றூர்களில் பாசி எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் அலுமினியத் தகட்டைக் கட்டித் துடுப்பாக்கி, மூச்சடக்கி மூழ்குகின்றனர். பவளக் கல்லின் விளிம்பு கையைக் கிழிக்கும். முதுகின்மேல் அலை மோதும். உலர்ந்த பாசி கிலோக் கணக்கில் வணிகரிடம் செல்லும்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளத்தைக் காக்கும் சட்டமும் பாசியை நம்பிய வயிறும் எதிரெதிரே நின்றன. பாசியை இரும்புத் தகட்டால் சுரண்டினால் அது வேரற்றுப் போகும். பவளமும் நண்டு இறால் குஞ்சுகளும் உடன் அழியும் என்பது மெய்யே. தலைமுறையாகக் கடலில் இறங்கிய பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானதும் மெய்யே.

இதற்குத் தீர்வு அப்பெண்களிடமிருந்தே பிறந்தது. மாதத்தில் 12 நாள்கள் மட்டும் கடலில் இறங்குவது, சுரண்டும் கருவியை விடுத்துக் கையால் நுனியைக் கிள்ளி அடிப்பற்றை விட்டுவைப்பது, பாசி தழைக்கும் பருவத்தில் தொழிலை நிறுத்திவைப்பது என்று அவர்கள் தமக்குள் விதி வகுத்துக்கொண்டனர். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு பெற்றபோது உலகம் இதனை அறிந்தது. பொருள் வேட்கைக்குத் தானே அளவு கட்டிக்கொள்வதைச் சமண இல்லறத்தார் பரிக்கிரக பரிமாணம் என்பர். நூல் கல்லாத அப்பெண்கள் கடலில் அதனை நடத்திக் காட்டினர்.

வளர்ப்புமுறை இக்கேட்டை முற்றிலும் நீக்கிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. 1995இல் மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்பட்டது. அதிலிருந்து கிடைப்பது அகரின் உறவான கேரஜீனன். அப்பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழில் பெருகப் பெருக, எப்பாசியை எங்கே வளர்ப்பது என்னும் வினாவும் கூர்மை பெறும்.

சமண நோக்கில் பாசி

ஊன் இல்லை என்பதோடு சமண ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. தாவர உயிரை நம் ஆகமங்கள் ஓருடல் ஓருயிர் கொண்டவை என்றும், ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் கூடி வாழ்பவை என்றும் பகுக்கின்றன. பின்னது சாதாரண வனஸ்பதி. அனந்தகாயம் என்றும் கூறப்படும். கிழங்கை விலக்கும் நெறியின் வேர் இதுவே. சேவாளம் எனப்படும் பாசியும் அவ்வகையில் எண்ணப்படுகிறது. ஆதலின் அனந்தகாயத்தை முற்றும் நீக்கிய விரதியருள் அகரையும் கொள்ளாதவர் உண்டு. ஊனை மட்டும் நீக்கியோர் அதனைக் கொள்வதும் உண்டு. ஒவ்வொருவரும் ஏற்ற விரதத்தின் எல்லை இதனை முடிவு செய்கிறது. துறவோரைக் கேட்டுத் தெளிவதே மரபு.

முதலில் வேண்டுவது பொருளை அறிதல். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்திய உணவுப் பொட்டலங்களில் சைவ, அசைவக் குறிகள் கட்டாயமாயின. பச்சைப் புள்ளி ஊன் இன்மையைக் காட்டும். பாசியா, பழத்தோலின் பெக்டினா, கிழங்கின் மாவா என்று சொல்லாது. அதற்குப் பொருட்பட்டியலைப் படிக்கவேண்டும். 406 என்னும் எண் அகரையும், 407 கேரஜீனனையும், 440 பெக்டினையும் குறிக்கும். ஊன்பசைக்கு 428 என்றும், ஐரோப்பியப் பொருள்களில் 441 என்றும் எண் வழங்குவதுண்டு. மருந்துக்கூடுகளில் இத்தகைய புள்ளியைப் பொதுவாகக் காண இயலாது. மரநாரிலிருந்து பெறும் செல்லுலோஸ் கூடுகளும் இன்று கிடைப்பதால், மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டறிதல் இயலும். உயிர்காக்கும் மருந்தை ஐயத்தின்பேரில் தாமாக நிறுத்துதல் தகாது. மாற்று உண்டா என்று வினவுதலே முறை.

அகரைக் கொள்ளும் இல்லங்களுக்கு அதன் பக்குவம் எளிது. ஒரு லிட்டர் நீருக்கோ பாலுக்கோ 10 கிராம் அளவில் பட்டையை நறுக்கி, அரைமணி ஊறவைத்து, நீரில் முற்றிலும் கரையும்வரை கொதிக்கவிட்டு, பின்னர் சர்க்கரையும் பாலும் சேர்த்து இறக்கவேண்டும். கரையாத இழை ஒன்று மிஞ்சினாலும் கூழ் திரிதிரியாகும். தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அரைமணிக்குள் உறையும். உச்சிவெயிலில் காய்ச்சி, கதிரவன் சாய்வதற்கு முன் பரிமாற இப்பண்டம் ஏற்றது, குளிர்பெட்டியும் வேண்டுவதில்லை.

ஒரு துளி நீரைக்கூட வடிகட்டிப் பருகும் குலத்தில் பிறந்தோர்க்கு, உண்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பது புதுப்பழக்கம் ஆகாது. முன்னோர் கிணற்றங்கரையில் துணியை விரித்து அக்கேள்வியைக் கேட்டனர். இன்று அக்கேள்வி எலும்பு ஆலைவரை செல்லவேண்டியிருக்கிறது. பவளப் பாறைவரையும் செல்லவேண்டியிருக்கிறது. ஊன்பசையை விலக்கியவன் ஒரு கொலையின் பயனிலிருந்து விலகினான். அகர்ப் பட்டையைக் கையில் எடுப்பவன், மூச்சடக்கி மூழ்கி அடிப்பற்றை விட்டு நுனியை மட்டும் கிள்ளிய ஒருத்தியின் பொறுமையையும் உடன் எடுக்கிறான். அவள் கடலுக்குக் காட்டிய அளவை அதை உண்பவனும் தன் தட்டில் காட்டுவானாயின், கொல்லாமை அங்கே நிறைவு பெறும்.